பத்து நிமிட வேலை

- மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்

மலர்க்குழு நண்பர்கள் வகுப்புக்கு வந்து, "பேரவை மலருக்கு ஆளுக்கு ஒரு படைப்பு கொடுங்கப்பா" என்று கேட்டபோது, என் பக்கத்து பெஞ்ச் நண்பன் தயாராக மடித்து வைத்திருந்த ஒரு காதல் கவிதையை எடுத்து நீட்டிவிட்டான். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. எனக்குத் தெரிந்தது சால்டரிங் ஒன்றுதான். அதுவும் சரியாகத் தெரியாமல் இருந்த காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதித் தருகிறேன் என்றேன். "காமெடியா இருக்குமா?" என்று கேட்டார்கள். "படிக்கிறவங்களுக்கு இருக்கும்" என்றேன்.

என் அப்பா டி.வி. மெக்கானிக். மன்னார்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பத்துக்கு எட்டு அளவில் ஒரு கடை. படக்குழாய் டி.வி. காலத்தில் ஆரம்பித்து, இன்று எல்.இ.டி. டி.வி.க்கு பேக்லைட் மாற்றுவது வரை அந்தக் கடையில்தான் எங்கள் குடும்பமே ஓடுகிறது. நான் டிப்ளமோ சேர்ந்ததும் அந்தக் கடை வருமானத்தில்தான். முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் சால்டரிங் பயிற்சிக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. அப்பா சால்டர் செய்வதைப் பார்த்து, "நீங்க அயர்னைப் பிடிக்கிற விதமே தப்புப்பா" என்று சொல்லும் அளவுக்கு! அவர் சிரித்துக்கொள்வார்.

பெட்டி வந்த கதை

2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன் கடைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி. மேலே தங்க எழுத்தில் "16-பிட்" என்று போட்டிருந்தது. சேகா மெகா டிரைவ்! நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த பொருள்.

"அப்பா 93-ல சிங்கப்பூர்லேருந்து வாங்கிட்டு வந்ததுண்ணே. அப்ப எனக்கு எட்டு வயசு. இத்தனை வருஷம் பரண்ல கிடந்துச்சு. இப்ப எடுத்துப் போட்டா லைட் எரியுது, வயரை லேசா ஆட்டுனா அணைஞ்சி போவுது. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

அப்பா அடாப்டர் ஜாக்கை விரலால் அசைத்துப் பார்த்தார். அது ஆடியது. "ஒண்ணுமில்ல தம்பி. ஜாக்குல ஈயம் விட்டுருக்கு. பத்து நிமிஷ வேலை. ரெண்டு நாள்ல வாங்க."

அந்த அண்ணன் கிளம்பும்போது ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவில் வருவார். மகனுக்கு விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தாரே தவிர, கூட உட்கார்ந்து விளையாட அவருக்கு நாள் போதவில்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டார். ஆனால் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வரவில்லை. விரலை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் பந்தைக் கொடுத்தால் வீசி எறிகிறாராம். "எங்க பாப்பாதான் சொல்லுச்சு, தாத்தாவுக்கு கேம் குடுத்துப் பாக்கலாம்னு" என்றார்.

இதை நான் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். மனதில் வாங்கவில்லை. என் கண் முழுதும் அந்தக் கறுப்புப் பெட்டி மேலேயே இருந்தது.

குரங்கு கையில் பூமாலை

மறுநாள் அப்பா பேக்லைட் ஸ்டிரிப் வாங்குவதற்காகத் திருச்சிக்குப் போனார். கடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. பத்து நிமிட வேலைதானே, அப்பா வருவதற்குள் முடித்து ஆச்சரியப்படுத்தலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

நண்பர்களே, உள்ளே இருந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெகா டிரைவ் ஜப்பானில் 1988 அக்டோபர் 29 அன்று வெளிவந்தது. அதன் மூளை மோட்டரோலா 68000 பிராசஸர். 1984-ல் வந்த முதல் ஆப்பிள் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டரில் இருந்ததும் இதே 68000தான். பக்கத்தில் ஒலிக்காக இன்னொரு பிராசஸர், இசட்-80. நம் மைக்ரோபிராசஸர் லேபில் இருக்கிறதே 8085, அதற்கு இது ஒருவகையில் பங்காளி. இரண்டுமே 8080-ஐ முன்னோராகக் கொண்டு 1976-ல் வெளிவந்தவை. ஒரு பக்கத்தில் அலுமினிய ஹீட் சிங்க்கில் இரண்டு 7805 ரெகுலேட்டர்கள். வீட்டில் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு!

அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜாக்கின் கால்களில் ஈயம் வட்டமாக வெடித்திருந்தது. வருஷக்கணக்காக அடாப்டரைச் செருகிப் பிடுங்கியதால் வந்த வெடிப்பு. கொஞ்சம் ஃப்ளக்ஸ் வைத்து, கொஞ்சம் புது ஈயம் காட்டி, பழைய ஈயத்தை உருக்கிவிட்டால் போதும். ஜாக்கைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. நானோ, "செய்வதைத் திருந்தச் செய்" என்று நினைத்துக்கொண்டு ஜாக்கையே மாற்ற முடிவு செய்தேன்.

கடையில் இருந்த 25 வாட் அயர்னை வைத்தேன். ஒரு கால் உருகியது. கிரவுண்டு கால் மட்டும் அசையவில்லை. ஏன் தெரியுமா? கிரவுண்டு என்பது மெல்லிய கோடு இல்லை. போர்டு முழுக்கப் பரந்து கிடக்கும் செம்புத் தகடு. நாம் ஒரு முனையில் கொடுக்கிற சூட்டை அது நாலாபக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய அண்டாத் தண்ணீருக்குக் கீழே ஒற்றைத் தீக்குச்சி வைத்த கதை. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் நினைத்தது, "அயர்னுக்குப் பவர் பத்தலை."

எதிரே தகரப் பட்டறை. அங்கே போய் அவர்களுடைய 100 வாட் அயர்னைக் கடன் வாங்கினேன். கூடவே, "இதையும் கொண்டு போ தம்பி, ஈயம் சும்மா வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று ஒரு டப்பா பேஸ்ட்டும் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது தகரம் பற்றவைப்பதற்கான அமிலப் பேஸ்ட். அவர்கள் தொழிலுக்கு அது சரியான சாமான். எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு அது விஷம்.

பிறகு நடந்தது அரை நிமிஷம்கூட இருக்காது. அயர்னை வைத்து அழுத்தினேன். புகை வந்தது. ஈயம் பளபளவென்று உருகியது. ஜெயித்துவிட்டோம் என்று பிளையரால் ஜாக்கைப் பிடித்து இழுத்தேன். ஒரு கால் உருகியிருந்தது, இன்னொரு கால் முழுதாக உருகவில்லை. வரமாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "பொட்" என்று ஒரு சத்தம். ஜாக் கையோடு வந்துவிட்டது. அதன் காலில் மோதிரம் போல ஒரு செம்பு வளையமும், அதிலிருந்து வால் போல ஒரு துண்டு டிராக்கும் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நிமிஷம் என் வயிற்றில் ஏற்பட்டதை இங்கே எழுதத் தெரியவில்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்ததும் ஏற்படுமே, அதைப்போல் பத்து மடங்கு.

பிறகு எல்லாரும் செய்கிற தவற்றைத்தான் நானும் செய்தேன். தப்பை மறைக்க இன்னும் ஈயத்தை வைத்தேன். பிய்ந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. உருண்டை உருண்டையாக ஓடும். பேஸ்ட்டை அப்பினேன். பக்கத்து டிராக்கின் பச்சைப் பூச்சு கருகியது. அயர்னை உதறினேன், ஈயத் துளிகள் போர்டு மேல் சிதறின. கடைசியில் புது ஜாக்கை எப்படியோ நிற்க வைத்து, மூடியைப் போட்டு மூடி, துணிப்பையில் சுற்றிக் கடையின் பரணில் போட்டேன்.

அப்பா ராத்திரி வந்து, "அந்த கேம் பெட்டி எங்கடா?" என்று கேட்டார்.

"மேல வச்சிருக்கேன்ப்பா. அதுக்கு ஜாக் கிடைக்கல. சொல்லி வச்சிருக்கேன்."

பொய்.

பன்னிரண்டு நாள்

தீபாவளி நேரம். கடையில் வேலை நெருக்கடி. அந்த அண்ணன் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அப்பா என்னைப் பார்ப்பார்; நான், "இன்னும் வரலைண்ணே" என்பேன். ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பரணில் ஈரம். அமிலப் பேஸ்ட்டும் ஈரமும் சேர்ந்தால் செம்பை என்ன செய்யும் என்று கெமிஸ்ட்ரி வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் பரண் பக்கம் தலையைத் திருப்பவே பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆட்டோ வந்து நின்றது. இந்த முறை பின்சீட்டில் அந்தப் பெரியவரும் இருந்தார், பேத்தியும் இருந்தாள். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தவர்களாம். பாப்பா இறங்கி ஓடி வந்து, "மாமா, தாத்தா கேம் ரெடியா?" என்று என் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பையை எடுத்தார். மேஜையில் வைத்துத் திறந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியைத் தூக்கியவர் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். திரும்ப மூடினார்.

"தம்பி, இன்னும் பத்து நாள் டைம் குடுங்க" என்றார் அந்த அண்ணனிடம். "கொஞ்சம் பெரிய வேலையா இருக்கு."

அவர்கள் போனபிறகும் திட்டவில்லை. ராத்திரி கடையைச் சாத்தும்போதுதான் பேசினார்.

"போர்டைக் கெடுத்தது ஒரு விஷயமே இல்லடா. நானும் எத்தனையோ கெடுத்திருக்கேன். கெடுத்துட்டு பரண்ல போட்ட பாரு, அதுதான் தொழிலுக்கு ஆகாது. இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கடையில பொருளை வச்சுட்டுப் போறவன் சீட்டுகூடக் கேக்கமாட்டான். ஏன்னு யோசி."

சிறிது நேரம் கழித்து, "நாளைக்கு நீதான் போய்ச் சொல்லணும். நான் வரமாட்டேன்" என்றார்.

"எத்தனை வாட்டு?"

மறுநாள் காலை சைக்கிளில் போனேன். வீடு ஊருக்கு வெளியே. திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அந்த அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனம் எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணே, ஜாக் கிடைக்கலன்னு சொன்னது பொய். அப்பாவுக்குத் தெரியாம நான் தான் கழட்டுனேன். போர்டைக் கெடுத்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்த அண்ணன் முகம் மாறியது. துணியை உதறிப் போட்டார். "ஏம்ப்பா, இத்தனை நாளு..." என்று ஆரம்பித்தவர் மேலே பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

அப்போது திண்ணையிலிருந்து பெரியவர் என்னவோ கேட்டார். பேச்சு கொஞ்சம் குழறும். எனக்குப் புரியவில்லை. மகன் திருப்பிச் சொன்னார்: "எத்தனை வாட்டுன்னு கேக்குறாங்க."

"நூறுங்க ஐயா."

அவர் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கப்பலுக்கு... வைக்கிற சூட்டை... கடுகுக்கு... வச்சுட்டியா."

வெல்டர் அல்லவா! அவருக்கு அது கேட்ட உடனே புரிந்துவிட்டது. பிறகு இடது கையால் என்னை "போ, போய்ச் செய்" என்பதுபோல் சைகை காட்டினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று இங்கே எழுதினால் நண்பர்கள் ஓட்டுவார்கள். ஆனாலும் வந்தது உண்மை.

வைத்தியம்

அப்பா முதல் மூன்று நாள் என்னை அயர்னைத் தொட விடவில்லை. "முதல்ல கழுவு. அப்புறம் பாரு. அப்புறம் வரை. கடைசியிலதான் சூடு" என்றார். இந்த நான்கு வார்த்தைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கழுவுதல்: ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துப் போர்டின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். அமிலப் பேஸ்ட்டின் மிச்சம் ஆல்கஹாலுக்கு மட்டும் முழுதாகப் போகாது என்று, அந்த இடத்தை வெந்நீர் தொட்டுத் துடைத்து, மறுபடி ஆல்கஹால் விட்டு, நன்றாகக் காயவைக்கச் சொன்னார். ஜாக் பக்கத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளின் கைங்கரியம்!

நம் ஒர்க்‌ஷாப்பில் பயன்படுத்தும் ஈயக்கம்பிக்குள் இருப்பது ரோசின். பைன் மரத்துப் பிசினிலிருந்து வருவது. சூட்டில் மட்டும் வேலை செய்து உலோகத்தின் மேலுள்ள ஆக்ஸைடை நீக்கும், ஆறியதும் அடங்கிவிடும். தகரப் பேஸ்ட்டில் இருப்பது ஜிங்க் குளோரைடு. அது ஆறினாலும் அடங்காது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்; மின்சாரத்தையும் கடத்தும்.

பார்த்தல்: லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் என் கைவண்ணம் முழுதாகத் தெரிந்தது. பிளஸ் காலுக்கான பேட் காணோம். துளைக்குள் இருந்த செம்புக் குழாயும் காணோம். பக்கத்தில் இரண்டு டிராக்குகள் போர்டை விட்டு எழும்பி, காய்ந்த இலை மாதிரி நின்றன.

இதற்குக் காரணம் எளிது. சாதாரண போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான். அதைப் பிசின்தான் கண்ணாடியிழைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கிறது. 63-க்கு 37 விகித ஈயக்கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். சாதாரண போர்டின் பிசினோ 130, 140 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். ஆக, ஈயம் உருகுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பிசின் சோதனைக்கு உள்ளாகிறது. இரண்டு மூன்று விநாடி என்றால் தாங்கும். அரை நிமிஷம் வைத்து அழுத்தி, பிளையரால் வேறு இழுத்தால்?

வரைதல்: ஜாக்கிலிருந்து பவர் சுவிட்ச், சுவிட்சிலிருந்து இரண்டு 7805, அங்கிருந்து 5 வோல்ட் பாதை. இதை நோட்டில் வரையச் சொன்னார். மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, எது எதோடு சேர்ந்திருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். அறுந்த இணைப்புகள் மூன்று.

சூடு: எழும்பி நின்ற டிராக்கில் கெட்டுப்போன பகுதியை பிளேடால் நறுக்கி எடுத்தோம். நல்ல பகுதியின் மேல் இருந்த பச்சைப் பூச்சை மெதுவாகச் சுரண்டினால், உள்ளே புதுக் காசு மாதிரி செம்பு பளிச்சென்று தெரியும். அதில் ரோசின் தடவி, மெல்லிய ஈயப்பூச்சு கொடுத்து, அங்கிருந்து ஜாக்கின் காலுக்கு ஒரு மஞ்சள் வயரை ஜம்பராக இழுத்தேன். கிரவுண்டு காலுக்கு அப்பா ஹாட் ஏர் பிளோயரால் அந்தப் பகுதியை முதலில் இதமாகச் சூடாக்கினார். அதன்பிறகு 25 வாட் அயர்னே போதுமானதாக இருந்தது! மூன்று விநாடியில் ஈயம் தானாக ஓடிக் காலைச் சுற்றிக்கொண்டது.

மீட்டரை வைத்தேன். ஜாக்கிலிருந்து சுவிட்சுக்கு பீப் வரவில்லை. ஜம்பர் சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்பா டீ குடித்துக்கொண்டே, "திருப்பிப் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். அது இரண்டு பக்கமும் டிராக் உள்ள போர்டு. கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் சேர்த்தது துளைக்குள் இருந்த அந்தச் செம்புக் குழாய்தான். அதைத்தானே நான் மோதிரம் போலப் பிடுங்கி எடுத்திருந்தேன்! மேல்பக்கத்துக்கும் ஒரு வயர் கொடுத்ததும் மீட்டர் பாடியது.

கறுப்புத் திரை

மின்சாரம் கொடுப்பதற்கு முன் 5 வோல்ட் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று உறுதி செய்தோம். அடாப்டரின் துருவத்தையும் பார்த்தோம். இந்தப் பெட்டிக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ் இருக்கும். பார்க்காமல் செருகினால் கதை முடிந்தது.

சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு 7805-லும் 5 வோல்ட். கடையில் மிச்சமிருந்த பழைய படக்குழாய் டி.வி.யில் இணைத்திருந்தோம். சோனிக் கேம் கேட்ரிட்ஜைச் செருகினோம்.

திரை கறுப்பாகவே இருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். 68000 போயிருக்கும், எல்லாம் போயிருக்கும் என்று தோன்றியது. அப்பா, "அன்னிக்கு அயர்னை உதறினியா?" என்றார்.

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கேட்ரிட்ஜ் செருகும் ஸ்லாட்டுக்கு 64 கால்கள். 32 வீதம் இரண்டு வரிசை. அடுத்தடுத்த கால்களுக்கு இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரிசைக்கு 31 சோதனை, மொத்தம் 62. ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துக்கொண்டே போனேன். நாற்பத்தேழாவதில் பீப் அடித்தது. லென்ஸில் பார்த்தால், இரண்டு கால்களுக்கு நடுவே கடுகை விடச் சிறிய ஓர் ஈய உருண்டை, கருகிய பேஸ்ட்டுக்குள் ஒளிந்துகொண்டு! பெரியவர் சொன்ன கடுகு ஞாபகம் வந்தது. ஊசி முனையால் தட்டி எடுத்தேன்.

மறுபடி சுவிட்ச். நீல எழுத்து தோன்றியது. அந்தப் பழைய டி.வி.யின் ஸ்பீக்கரிலிருந்து கோரஸாக ஒரு குரல் வந்தது: "சே... கா!"

அப்பா அடுத்த டி.வி.யைத் திறக்கப் போய்விட்டார். நான்தான் கடைக்குள் குதித்தேன்.

மறைக்காதே

மூடியைப் போடும் முன் ஜம்பர் வயரை ஸ்லாட்டுக்கு அடியில் தள்ளி, வெளியே தெரியாமல் செய்யப் பார்த்தேன். அழகாக இருக்கட்டும் என்றுதான். அப்பா தடுத்தார். "தெரியட்டும். நாளைக்கு இதைத் திறக்கிறவனுக்கு இங்க என்ன நடந்திருக்குன்னு தெரியணும்." வயரை நேராக இழுத்து, ஆடாமல் இருக்க இரண்டு இடத்தில் பசை வைத்தோம். ஒரு சிறு சீட்டில் தேதி, செய்த வேலை, வயர் போன வழி எல்லாம் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொன்னார். என் கையெழுத்திலேயே எழுதினேன்.

பில் புத்தகத்தில் "கூலி இல்லை" என்று அப்பா எழுதினார். ஜாக்குக்கும் ஆல்கஹாலுக்கும் ஆன செலவை என் கைக்காசிலிருந்து எடுத்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அண்ணன் அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்றார்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு

சூடுபட்டவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்:

1. கழற்றாமலே சரியாகிற வேலையாக இருந்தால் கழற்றாதீர்கள். வெடித்த இடத்தில் ரோசினும் கொஞ்சம் புது ஈயமும் போதும்.

2. உருகவில்லை என்றால் அயர்னைப் பெரிதாக்குவதற்கு முன், சூடு எங்கே ஓடுகிறது என்று யோசியுங்கள். அகலமான பிட், புது ஈயம், போர்டை முன்கூட்டி இதமாகச் சூடாக்குவது, இவைதான் வழி.

3. எல்லாக் கால்களிலும் ஈயத்தை முழுதாக உறிஞ்சி எடுத்த பின்தான் பாகத்தை எடுக்கவேண்டும். கையால் இழுக்கவேண்டி வந்தால் இன்னும் உருகவில்லை என்று அர்த்தம்.

4. அமிலப் பேஸ்ட்டை எலக்ட்ரானிக்ஸ் மேஜைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தெரியாமல் பட்டுவிட்டால் அன்றைக்கே கழுவுங்கள்.

5. பேட் பிய்ந்துபோனால் அதன் மேலேயே ஈயத்தைக் குவிக்காதீர்கள். நிறுத்துங்கள். டிராக் எங்கே போகிறது என்று வரைந்து, நல்ல இடத்திலிருந்து ஜம்பர் இழுங்கள்.

6. ஈயக்கம்பியைத் தொட்ட கையால் எதையும் சாப்பிடாதீர்கள். புகையை முகர வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

7. கெடுத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பரணில் ஏறிய போர்டு பச்சை பூக்கும்.

2025 பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனபோது, உள்ளே வரச் சொன்னார்கள். பெரியவரும் பேத்தியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கன்ட்ரோலரை இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். இடப்பக்கம் இருக்கும் திசைப் பட்டனைப் பாப்பா அழுத்துகிறாள், சோனிக் ஓடுகிறது. வலப்பக்கத்தில் மூன்று பட்டன்கள். அந்த கேமில் மூன்றில் எதை அழுத்தினாலும் குதிக்கும். தாத்தாவின் வலது கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. "தாத்தா, இப்ப!" என்று பாப்பா கத்துவாள். விரல் யோசித்து யோசித்து இறங்குவதற்குள் சோனிக் முள்ளில் விழுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

நான் இருந்த அரை மணி நேரத்தில் நான்கு தடவை சரியாகக் குதித்தது. நான்காவது தடவை அவர் என் பக்கம் திரும்பி, ஒரு பக்கச் சிரிப்போடு, "எத்தனை வாட்டு?" என்றார்.

"இருபத்தஞ்சுங்க ஐயா" என்றேன்.